மவுன்ஜாரோ 5-ல எடை நின்னு போச்சு, 7.5-க்கு போகலாமா?

வடபழனி_வாசு: எடை குறைக்கிற ஊசி மவுன்ஜாரோ ஆரம்பிக்கும்போது 104 கிலோ. 5 மி.கி. வந்ததும் மளமளன்னு இறங்கி 97-க்கு வந்துச்சு, அதோட சரி, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, 97.2, 96.8, மறுபடி 97.1னு அங்கயே சுத்திட்டு இருக்கு. டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்ங்கிறார். எனக்கு 7.5 கேட்டு வாங்கிடலாம்னு தோணுது. போட்டுட்டு இருக்கறவங்க சொல்லுங்க.

கோவை_குசும்பன்: இதுல யோசிக்க என்ன தல இருக்கு, ஏத்துங்க. இந்த மருந்தை வச்சு பண்ணின சர்மவுண்ட்-1 ஆய்வுல 72 வாரத்துக்கு 5 மி.கி. போட்டவங்க சராசரியா 15 சதவீதம் குறைஞ்சாங்க, 15 மி.கி. போட்டவங்க 20.9. டோஸ் கூடினா எடை கூடுதலா இறங்குது, அவ்ளோதான் விஷயம். டாக்டருங்க சும்மா இழுத்தடிப்பாங்க.

அண்ணாநகர்_அக்கா: அதே கணக்கை திருப்பிப் பாருங்க தம்பி. 5-லயே சராசரி 15 சதவீதம்னா இவருக்கு 15 கிலோவுக்கு மேல வருது, அதுவும் 72 வாரத்துல. இவர் 7 கிலோ இறங்கி நடுவுல நிக்கிறார், அதுக்குள்ள மருந்து வேலை செய்யலன்னா எப்படி? 2.5 மட்டும்தான் உடம்பு பழகறதுக்கு, 5 தொடர்ந்து போடுற டோஸ்தான். எடை நேர்கோட்டுல இறங்காது, ரெண்டு மூணு வாரம் நிக்கும், திடீர்னு ஒரு கிலோ போகும்.

கோவை_குசும்பன்: அக்கா, அது சராசரி. அதே ஆய்வுல 5 போட்டவங்கள்ல நூத்துக்கு 15 பேர் அஞ்சு சதவீதம்கூட குறையல, அதை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

அண்ணாநகர்_அக்கா: வாசு ஏற்கனவே ஏழு சதவீதத்துக்கு பக்கத்துல வந்தாச்சு, அந்த 15 பேர்ல அவர் இல்லையே! வாசு, ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுறீங்க, ஒளிக்காம எழுதுங்க.

வடபழனி_வாசு: காலைல பசிக்காது, காபியோட சரி. முட்டை, சிக்கன் வாசனை வந்தாலே குமட்டுது, அதனால மதியம் ரெண்டு கரண்டி தயிர்சாதம். சாயங்காலம் கிறுகிறுன்னு வந்தா மாம்பழ ஜூஸ் இல்ல ரோஸ்மில்க், அது மட்டும்தான் தொண்டைல இறங்குது. ராத்திரி ரெண்டு இட்லி. முன்ன சாப்பிட்டதுல பாதிகூட இல்லக்கா.

அண்ணாநகர்_அக்கா: பாதிதான், ஆனா மொத்தமும் சோறும் சர்க்கரையும். புரோட்டீன் எங்க? அந்த ஆய்வுலயே ஒரு பகுதி பேரை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க, இறங்கின எடைல கிட்டத்தட்ட கால்வாசி கொழுப்பு இல்ல, தசை மாதிரி சமாச்சாரம். தசை போனா உடம்பு செலவழிக்கிற கலோரியும் குறையும், 97 கிலோ உடம்புக்கு 104 கிலோவுக்கு வேண்டிய அளவு தேவையும் இல்ல. முட்டை வேணாம்னா மோர், பனீர், பச்சைப்பயறு சுண்டல், ஆறின பிறகு சாப்பிடுங்க, சூடா இருந்தாத்தான் வாசனை தூக்கும். ஜூஸை முதல்ல நிறுத்துங்க.

நெல்லை_சுகர்பேஷன்ட்: நடுவுல வர்றேன். எனக்கு சுகர் இருக்கு, சுகர் இருக்கறவங்களுக்கு இந்த ஊசில எடை குறைவாத்தான் இறங்கும், சுகர் இருக்கறவங்களை வச்சு பண்ணின சர்மவுண்ட்-2 ஆய்வுல 15 மி.கி.க்கே 14.7 சதவீதம்தான். இன்சுலின், கிளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திரை, ஸ்டீராய்டுனு எடை ஏத்துற மருந்து கூட ஓடுதான்னு யாரும் கேக்கலயே.

வடபழனி_வாசு: எனக்கு சுகர் இல்ல, வேற மாத்திரையும் இல்ல. தைராய்டு நார்மல்.

மெடிக்கல்ஷாப்_மணி: தப்பா எடுத்துக்காதீங்க சார், வாரம் தவறாம போடுறீங்களா? எங்க கடைல மாசம் நாலு வாங்க வேண்டியவங்க மூணு வாங்கிட்டு போறாங்க, அதான் கேக்கறேன்.

வடபழனி_வாசு: 10 நாளைக்கு ஒண்ணு. மருந்து வந்த புதுசுல 5 மி.கி. பாட்டில் 4,375 ரூபா, நாலுக்கு 17,500, எங்க வீட்டு வாடகை அதைவிட கம்மி. பசி அடங்கித்தானே இருக்கு, அதனால பெரிய வித்தியாசம் இல்லன்னு நினைக்கிறேன். ஒம்பதாம் நாள் மட்டும் சால்னா வாசனை கொஞ்சம் இழுக்கும்.

மெடிக்கல்ஷாப்_மணி: இழுக்கத்தான் செய்யும், அஞ்சு நாள்ல பாதி போயிடும், பத்தாம் நாள் அந்த ஊசில கால்வாசிதான் மிச்சம். நீங்க இன்னும் 5-ஐயே ஒழுங்கா போடல, அதுக்குள்ள 7.5 கேக்கறீங்க.

கோவை_குசும்பன்: அப்போ 7.5 வாங்கி 10 நாளைக்கு ஒண்ணு போட்டா கணக்கு சரியாயிடும்ல?

மெடிக்கல்ஷாப்_மணி: ஆகாது. ஆய்வு எல்லாம் வாரம் ஒண்ணு வச்சு பண்ணினது. நீங்க சொல்றபடி போட்டா முதல் ரெண்டு நாள் வாந்தி, கடைசி ரெண்டு நாள் பரோட்டா. முட்டை வாசனையே தாங்காத ஆளுக்கு டோஸ் ஏத்த சொல்றீங்க. ஒத்துக்காம பாதில விட்டவங்க 5-ல நூத்துக்கு நாலு பேர், 10-ல ஏழு பேர்.

கோவை_குசும்பன்: மத்த 93 பேர் தாங்கினாங்கல்ல! காசு கொடுத்து ஊசி போட்டுட்டு சுண்டல் தின்னுங்கன்னா அதை ஊசி இல்லாமலே தின்னலாமே.

அண்ணாநகர்_அக்கா: தின்ன முடிஞ்சிருந்தா 104 ஏன் வந்துச்சு? ஊசி பசியை அடக்கும், தட்டுல என்ன வைக்கணும்னு அதுக்கு தெரியாது.

வடபழனி_வாசு: சண்டை வேணாம். அடுத்த மாசம் மட்டும் வாரம் ஒண்ணு போட்டுப் பார்க்கிறேன், ஜூஸும் நிறுத்துறேன். 10 நாள் விஷயம் டாக்டருக்கு தெரியாது, போகும்போது சொல்லிட்டு 7.5 பத்தியும் கேப்பேன், அவர் சரின்னா போட்டுருவேன், அக்கா கோச்சுக்காதீங்க.

கோவை_குசும்பன்: சரிம்பார், பாருங்க.