‘கட்டாய ஆட்சேர்ப்பு’க்கு வேறு சொல் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

சஞ்சிகை ஒன்றுக்காக, படையில் இருந்த நடிகர், பாடகர், விளையாட்டு வீரர்கள் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கொன்ஸ்கிரிப்ஷனுக்கு அகராதியில் உள்ளபடி ‘கட்டாய ஆட்சேர்ப்பு’ என்று போட்டுவிட்டேன். இரவு வெள்ளவத்தை வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்தபோது, ‘அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1958இல் கட்டாய ஆட்சேர்ப்புக்கு உள்ளானார்’ என்ற இடத்தில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, “ஆர் பிடிச்சுக்கொண்டு போனது?” என்று கேட்டார். அம்மா வன்னியில் இருந்தவர். வீடு புகுந்து பிள்ளையைக் கொண்டுபோனதைத்தான் அந்தச் சொல் எங்களுக்குச் சொல்லும்.

எல்விஸுக்கு நடந்தது வேறு. 1957 டிசம்பரில் அரசின் கடிதம் வந்தது, ஒப்புக்கொண்ட படத்தை முடிக்கத் தவணை கிடைத்தது, 1958 மார்ச் 24 அன்று மெம்பிஸில் போய்ச் சேர்ந்தார், ஜேர்மனியில் மற்றவர்களைப் போலச் சிப்பாயாக இருந்து 1960 மார்ச்சில் சார்ஜன்டாக வெளியே வந்தார். கட்டாயம்தான், ஆனால் சட்டம் போட்ட கட்டாயம். அதற்குப் ‘படைக்கடமை’ என்று வைக்கலாமா? வரும் கடிதத்துக்குப் ‘படையழைப்பு’, போய்ச் சேரும் அந்தக் கணத்துக்குப் ‘படையேற்பு’.

கடைசி இரண்டையும் ஏன் பிரிக்கிறேன் என்றால் குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலிக்காக. 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். அழைப்பு வந்தது, அவரும் போனார், மற்ற இளைஞர்களோடு வரிசையில் நின்றார். பெயர் கூப்பிட்டதும் ஓர் அடி முன்னால் வைக்க வேண்டும், அந்த அடிதான் படையேற்பு. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அவர் வைக்கவில்லை. உலகச் சம்பியன் பட்டம் பறிபோனது, ஐந்து ஆண்டுச் சிறை விதித்தார்கள், 1971இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கும்வரை வழக்கு ஓடியது. நாங்கள் ‘இராணுவத்தில் சேர மறுத்தார்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். அந்த ஓர் அடி காணாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

தென்கொரியாவைப் பற்றி எழுதும்போதும் இது வேண்டும். பிடிஎஸ் இசைக்குழுவின் ஜின் 2022 டிசம்பரில் படைக்குப் போய் 2024 ஜூனில் திரும்பினார். காற்பந்து வீரர் சொன் ஹியூங்-மின் 2018 ஆசிய விளையாட்டுத் தங்கத்தால் விலக்குப் பெற்றார், ஆனாலும் மூன்று வாரப் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. ‘படைக்கடமை விலக்கு’ என்றால் உடனே விளங்குகிறது.

டோனிக்கு 2011இல் கிடைத்தது கௌரவ லெப்டினன்ட் கேணல் பதவி, அதில் சிக்கல் இல்லை. நம்முடைய அஜந்த மென்டிஸ் இலங்கை அணிக்கு வருமுன்பே பீரங்கிப் படையில் இருந்தவர், அவரை டோனியோடு ஒரே பந்தியில் சேர்க்கக் கூடாது. அப்புறம் பேஸ்போல் வீரர் டெட் வில்லியம்ஸ்: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானியாகப் பயிற்சி பெற்றவரை 1952இல் மறுபடி கூப்பிட்டார்கள், கொரியாவில் 39 தடவை போருக்குப் பறந்தார். இதற்கு ‘மீளழைப்பு’ என்று எழுதியிருக்கிறேன், சரிதானா?

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

படையழைப்பு, படையேற்பு இரண்டையும் அப்படியே எடுக்கலாம். ‘படைக்கடமை’தான் இடிக்கிறது. சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பாயையும் ‘கடமையில் இருந்தார்’ என்றுதானே இங்கே எழுதுகிறோம்? மென்டிஸ் முகாமில் காவல் நின்றாலும் அது படைக்கடமை ஆகிவிடும். சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது, ஒருவரைப் பிணைக்கும் பொறுப்பைக் கடப்பாடு என்போம். ‘படைக்கடப்பாடு’ என்று வைத்துப் பாருங்கள். ஜின் அதை நிறைவேற்றினார், சொன்னுக்கு அதிலிருந்து விலக்கு, அலி அதை ஏற்கவில்லை. எல்லா இடத்திலும் பொருந்துகிறது. சொல் கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

*

நன்றி அண்ணா. இப்போதுதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்: ‘எல்விஸ் படைக்கடப்பாட்டின்படி இரண்டு ஆண்டுகள் சிப்பாயாக இருந்தார்.’ “அப்ப கடிதம் வந்து போனவரோ?” என்று கேட்டார். இதையே கட்டுரையில் போடுகிறேன். ‘மீளழைப்பு’ பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, சேமப்படையில் (தேவைப்பட்டால் கூப்பிட வைத்திருக்கும் படையில்) இருந்த ஆளைக் கூப்பிட்டார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே தெரிய வேண்டாமா?