குறிஞ்சிக் குழு புதிய தளத்துக்குப் போகலாமா?

பூம்பாறை வாசி:
நம் குறிஞ்சிக் குழுவை இந்தப் பெரிய தளத்திலிருந்து லெம்மி என்ற விவாதத் தளத்துக்கு மாற்ற வேண்டும் என்கிறேன். கொடைக்கானலில் 2006-இல் குறிஞ்சி பூத்தபோது நம்மில் பலர் ஆர்குட்டில் இருந்தோம். 2018-இல் மறுபடி பூத்தபோது ஆர்குட்டே இல்லை; 2014 செப்டம்பர் 30-உடன் மூடிவிட்டார்கள். 2011-இல் வந்த கூகுள் பிளஸ் 2019-இல் போய்விட்டது. ஒரு பூப்புக்கும் மறு பூப்புக்கும் இடையே தாங்காத இடத்தில் 2030-க்கான குறிப்புகளைச் சேர்க்கலாமா? லெம்மி ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை. சர்வர்கள் பல, ஒன்றில் கணக்கு இருந்தால் அதனுடன் இணைந்த மற்றவற்றிலும் எழுதலாம்.

வில்பட்டி டீச்சர்:
தம்பி, ஆட்கள் கூட வர வேண்டுமே! 2023 ஜூனில் ரெடிட் என்ற விவாதத் தளம் வெளிச் செயலிகளுக்குப் போட்ட புதிய கட்டணத்தை எதிர்த்து அதன் ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்தன. லெம்மிக்கு அந்த வேகத்தில் நிறையப் பேர் போனார்கள். கட்டணம் குறையவில்லை, பெரும்பாலான குழுக்கள் திரும்பத் திறந்துகொண்டன.

மன்னவனூரில் ஆடு மேய்க்கும் பெரியவரை நினைத்துப் பார். 2019-இல் அவர் போட்ட படம் கண்ணிலேயே நிற்கிறது: பட்டுப்போன குறிஞ்சித் தண்டுகளுக்கு அடியில் நகத்தளவு முளைகள், ஓரத்தில் அவருடைய கட்டைவிரல். அவர் மகன் இந்தச் செயலியைப் பழக்கவே மூன்று மாதம் ஆனது. எந்த சர்வர் என்று கேட்டால் போனைக் கீழே வைத்துவிடுவார். அவர் இல்லாத குழு எனக்கு வேண்டாம்.

பூம்பாறை வாசி:
அந்தப் படத்தை இங்கே தேடிப் பாருங்கள், டீச்சர். நேற்று இரவு அரை மணி நேரம் தேடினேன். தங்கும் விடுதி விளம்பரங்கள்தான் வந்தன. அவர் உழைப்பு புதைந்து கிடக்கிறது என்றுதான் எனக்கு ஆற்றாமை.

பெருமாள்மலை:
லெம்மியில் ஒன்றைக் கவனியுங்கள். நாம் எழுதுவது மற்ற சர்வர்களுக்கும் நகலாகப் போகும்; படம் பெரும்பாலும் ஏற்றிய சர்வரிலேயே இருக்கும். அவற்றில் பலவற்றை நடத்துவோர் தன்னார்வலர்கள். அவர்கள் நிறுத்தினால் படம் போய்விடும். வேறு சர்வருக்கு மாறினால் கணக்கின் அமைப்புகளைக் கொண்டுபோகலாம், பழைய பதிவுகளைக் கொண்டுபோக முடியாது. நமக்கோ படம்தான் முக்கியம்.

பூம்பாறை வாசி:
அது எனக்குத் தெரியாது. அப்படியானால் முதலில் எல்லாப் படங்களையும் ஹார்டு டிஸ்கில் இறக்கிவிடுவோம். ஆனாலும் மாற வேண்டும் என்பதில் நான் பின்வாங்கவில்லை.

வில்பட்டி டீச்சர்:
இங்கே பூட்டுப் போட மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். பெரியவர் படம் என்னிடம் இருக்கிறது. எந்தச் சரிவு, எந்த நாள் என்று அவரிடமே கேட்டு எழுதியும் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மூஞ்சிக்கல் வரும்போது பென் டிரைவ் கொண்டு வா.