ஞானப்புகழ்ச்சி இரவிலும் குத்பிய்யத் மஜ்லிஸிலும் கேட்டவை: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

தக்கலை வாசகர் (திரியைத் தொடங்கியவர்)

தமிழ் சூஃபிப் பாடல்கள் என்றவுடன் நம்மில் பலர் பதிப்புகளையும் பாட வேறுபாடுகளையும் பற்றித்தான் பேசத் தொடங்குகிறோம். அந்தப் பேச்சு அவசியமானதுதான். ஆயினும் இவை கூடியிருந்து பாடுவதற்காக இயற்றப்பட்டவை என்பதால், எந்த ஊரில், யாருடைய குரலில், எந்தச் சபையில் இவற்றைக் கேட்டீர்கள் என்பதை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில் என்னுடையதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஆண்டுதோறும் ரஜப் மாதம் பதினான்காம் இரவில், சூஃபிக் கவிஞர் பீர் முகமது அப்பாவின் தர்காவில் அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை விடிய விடியப் பாடுவார்கள். தென்காசியில் பிறந்து, தக்கலையில் தறி நெய்து வாழ்ந்து, பதினெட்டாயிரம் பாடல்கள் பாடியவர் அப்பா என்பது ஊர் வழக்கு. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த தக்கலை 1956இல் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன்னும் பின்னும் இந்த இரவில் ஒலித்து வந்தது தமிழ்தான் என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

பாட வருகிறவர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பார்கள். இளையவர்கள் மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருக்க, மூத்தவர்கள் அதை மூடியே வைத்திருப்பார்கள். ஒருவர் முதலடியை எடுத்துக் கொடுத்தவுடன் மற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டு போவார்கள். நள்ளிரவு கடந்து இரண்டு மணி ஆகும்போது குரல்கள் தளரும். இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கட்டன்சாயா குடிக்க எழுந்து போவார்கள். பாட்டின் வேகம் குறைந்து, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூச்சு வாங்கும் ஓசை கூடக் கேட்கும். அந்த நேரத்தில் பாட்டைக் கீழே விடாமல் பிடித்து வைத்திருப்பவர்கள் எழுபது வயதைத் தாண்டிய சிலர்தான். மெட்டு மாறுகிற இடம் வரும்போது எங்கிருந்தோ திரும்பவும் குரல்கள் சேர்ந்துகொள்ளும். இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவின் பொருளையும் சித்தர்களின் யோகச் சொற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாடிய அந்த அடிகளில் பாதி அன்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்த பெரியவரின் தொடையில் விழுந்த தாளத்தைப் பிடித்துக்கொண்டு, சொற்கள் வாயில் தாமாகவே வந்தன.

இப்போது நேரலை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒலிவாங்கி பாடலை எடுத்துக் கொடுப்பவரின் முன்னால் மட்டுமே இருப்பதால், திரையில் கேட்பவருக்கு யாரோ ஒருவர் தனியாகக் கச்சேரி செய்வது போலத் தோன்றுகிறது. சபை முழுவதும் வாங்கிப் பாடுகிற அந்தப் பேரோசை பதிவிலேயே இல்லை.

இராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்

நான் இஸ்லாமியன் அல்லன். தாயுமானவரின் பராபரக்கண்ணியைப் படித்துக்கொண்டிருந்தபோது, அதே பெயரில் குணங்குடி மஸ்தான் சாகிபும் கண்ணிகள் பாடியிருப்பதாகத் தமிழாசிரியர் ஒருவர் சொன்னார். அப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தேன். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792இல் சுல்தான் அப்துல் காதிராகப் பிறந்து, துறவு பூண்டு, 1838இல் சென்னையில் மறைந்தவர் அவர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடியிருக்கிறார் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம்; அந்தக் காலத்துப் புலவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்காது.

அவருடைய அடக்கத்தலம் எங்கள் பகுதியிலேயே இருக்கிறது. ஒரு வியாழக்கிழமை மாலை அங்கு போயிருந்தபோது, பச்சைத் தலைப்பாகை கட்டிய ஃபக்கீர் பாவா ஒருவர் தாயிரா என்னும் கைப்பறையைத் தட்டியபடி கண்ணிகளைப் பாடிக்கொண்டிருந்தார். அவர் ஓர் அடியைப் பாடிவிட்டு 'பராபரமே' என்ற இடத்தில் நிறுத்திக்கொள்ள, மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்திருந்த ஓர் அம்மையார் அந்தச் சொல்லை மட்டும் நிறைவு செய்தார். அவர் எந்தச் சமயத்தவர் என்று நான் கேட்கவில்லை.

காயல்பட்டினத்து உறுப்பினர்

எங்கள் ஊரில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் எனப்படும் வழிபாட்டுக் கூடங்கள் உண்டு. ரபீஉல் அவ்வல் பிறை தெரிந்ததும் அங்கு நபிகளாரைப் புகழும் சுப்ஹான மௌலிது ஓதத் தொடங்குவோம். என் பெத்தும்மாவின் தலைமுறையினர் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறையில், எழுதிய கிதாபைப் பார்த்து ஓதியவர்கள். என் தலைமுறைக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்து நகலெடுத்த தாள்களைக் கையில் வைத்திருக்கிறோம். அரபியில் வெவ்வேறாக ஒலிக்கும் எழுத்துகள் அந்தத் தாளில் ஒன்றாகிவிடுவதால், நாங்கள் ஓதும்போது பெரியவர்கள் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டுவதை நிறுத்தாமலே தலையை மட்டும் அசைத்துத் திருத்துவார்கள். அந்தத் தலையசைப்புக்குப் பயந்து நாங்கள் கற்றுக்கொண்டது ஏராளம்.

ஆயினும் நான் விரிவாக எழுத விரும்புவது குத்பிய்யத் மஜ்லிஸைப் பற்றி. 1632இல் எங்கள் ஊரில் பிறந்து 1703இல் கீழக்கரையில் மறைந்த ஸதக்கத்துல்லாஹ் அப்பா, பக்தாதில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி மீது இயற்றிய 'யா குத்பா' என்ற அரபுக் கஸீதாவை (புகழ்ப்பாடலை) ஓதி, அதன் பின்னர் விளக்குகளை அணைத்துவிட்டு, இருட்டில் ஆயிரம் முறை ஜீலானியின் பெயரைச் சொல்லி அழைப்பது அந்த மஜ்லிஸின் முறை. என் வாப்பாவின் வீட்டுக் கூடத்தில் ஆண்களும், திரைக்குப் பின்னால் பெண்களும் அமர்வோம். எண்ணிக்கை தவறாமல் இருப்பதற்காக மாமி ஒருவர் புளியங்கொட்டைகளை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருப்பார். இருட்டில் சாம்பிராணியின் தணலும் அந்தக் கொட்டைகள் விழும் ஓசையும்தான் நேரம் நகர்கிறது என்பதைத் தெரிவிக்கும். முதலில் மெதுவாகத் தொடங்கும் அழைப்பு போகப் போக வேகம் பிடித்து, எது என் குரல், எது அடுத்தவர் குரல் என்று பிரிக்க முடியாத நிலைக்கு வந்துவிடும்.

திருமணத்திற்குப் பிறகு சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதே மஜ்லிஸை நடத்தினோம். எங்கள் வீட்டில் மட்டும் விளக்குகள் அணைந்து, உள்ளே பலர் ஒரே குரலில் அழைப்பது கேட்டதும், காவலாளி பதறிப்போய் மின்வாரியத்துக்கு அழைக்க வேண்டுமா என்று கதவைத் தட்டினார். அடுத்த ஆண்டு முதல் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நெய்ச்சோற்றுப் பொட்டலமும் அவருக்கு முதலில் போய்விடுகிறது.

துபாயிலிருந்து ஒருவர்

தக்கலை நண்பர் நேரலையைப் பற்றி எழுதியதற்கு ஒன்றைச் சேர்க்கிறேன். 2020இல் ஊரடங்கு வந்தபோது, வியாழன் இரவுகளில் நாங்கள் கூடி ஓதிவந்த ராத்திபை (கூட்டாகச் சொல்லும் இறைநினைவுத் தொகுப்பை) இணையக் கூட்டமாக நடத்திப் பார்த்தோம். ஒவ்வொருவர் குரலும் சிறிது தாமதித்து வந்து சேர்வதால், எல்லோரும் சேர்ந்து திக்ரு (இறைநினைவுச் சொற்கள்) சொன்னவுடன் அது சிதறி இரைச்சலாகிவிட்டது. வேறு வழியின்றி, முன்னின்று ஓதும் ஹஸ்ரத்தைத் தவிர மற்ற அனைவரும் ஒலியை அடைத்துவிட்டு, அவரவர் அறையில் தனியாகச் சொன்னோம். நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்காது. ஆகையால் எங்கே நிறுத்துவது, எங்கே வேகத்தைக் கூட்டுவது என்று தெரியாமல் அவர் தடுமாறினார். ஓதுபவர் சபையை நடத்துகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். சபைதான் அவரை நடத்துகிறது என்பது அந்த வாரங்களில் தெரிந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்தவுடன் தேரா பகுதியில் உள்ள நண்பரின் அறைக்கே திரும்பிவிட்டோம்.

அதிராம்பட்டினத்து உறுப்பினர்

இந்தத் திரியில் மாற்றுக் கருத்துக்கும் இடம் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் 1980களின் பிற்பகுதியோடு மௌலிது நின்றுவிட்டது. இறைவனைத் தவிர வேறொருவரை, அதுவும் மறைந்துபோன ஒருவரை, துணைக்கு அழைப்பது மார்க்கத்தின் அடிப்படைக்கே முரணானது என்பது என் தகப்பனாரின் முடிவு. என் முடிவும் அதுவே. காயல் சகோதரி எழுதிய மஜ்லிஸின் இனிமை எனக்குப் புரிகிறது; இனிமையாக இருப்பது மட்டுமே ஒன்றைச் சரியென்று ஆக்கிவிடாது என்பதை மட்டும் பணிவுடன் சொல்கிறேன். அதே சமயம், பீர் முகமது அப்பாவின் பாடல்களில் இறைவனை நேரடியாகப் புகழும் பகுதிகளை நான் இன்றும் படிக்கிறேன். ரமலானில் நோன்புக்கு முந்தைய சஹர் உணவுக்கு எழுப்ப வரும் பாவாவின் பாட்டை என் தகப்பனார் ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

காயல்பட்டினத்து உறுப்பினர்

அதிராம்பட்டினத்துச் சகோதரருக்கு நன்றி. இந்த விவாதம் எங்கள் வீட்டுக்கும் புதிதன்று. என் மூத்த காக்காவும் (அண்ணனும்) தங்களைப் போன்ற கருத்துடையவர்தான். ஜீலானி அவர்களை அழைப்பது இறைவனிடம் அவர்களை முன்னிறுத்திக் கேட்பது, அதாவது வஸீலா, என்று வாப்பா சொல்வார். காக்கா அதை ஏற்பதில்லை. இருவரும் கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதிட்டிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் மாற்றியதில்லை. மஜ்லிஸ் நாளன்று காக்கா கூடத்தில் அமர்வதில்லை; பின்கட்டில் பந்திக்கு வேண்டியதைக் கவனித்துக்கொண்டிருப்பார். ஆனால் கஸீதாவில் யாரேனும் அரபு உச்சரிப்பைப் பிசகாக ஓதினால், அங்கிருந்தபடியே சத்தமாகத் திருத்தத் தவறுவதில்லை.