குடும்பக் குழுவில் ஒரு விவாதம்: க்னூட் சித்தப்பாவின் அரியணை

அக்கா (காலை 7:40)
பெரியப்பா, 2024 ஜனவரி 14 அன்று டென்மார்க் அரசி இரண்டாம் மார்கரெத்தே தாமாகவே அரியணையை விட்டு விலகி, மகன் பத்தாம் ஃபிரெடெரிக்கிடம் அதை ஒப்படைத்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அந்த அரியணைக்கு உண்மையில் உரியவர் மார்கரெத்தேயின் சித்தப்பா க்னூட்தான் என்றும், சட்டத்தையே மாற்றி மார்கரெத்தேயை வாரிசாக்கினார்கள் என்றும் ஒரு காணொளியில் பேசியிருக்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

பெரியப்பா (காலை 8:15)
சட்டத்தை மாற்றியது உண்மைதான் அம்மா. "உண்மையில் உரியவர்" என்று சொல்வதில்தான் எனக்குத் தயக்கம் உண்டு.

ஒன்பதாம் ஃபிரெடெரிக் 1947 ஏப்ரலில் அரசரானபோது அவருக்கு மார்கரெத்தே, பெனடிக்டே, ஆன்-மரீ என மூன்று பெண்கள் இருந்தார்கள்; ஆண் பிள்ளை இல்லை. அப்போது நடப்பில் இருந்த 1853ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் பெண்களை முற்றாக விலக்கியிருந்ததால், அவருக்கு அடுத்த இடம் அவரைவிட ஒரு வயது இளையவரான தம்பி க்னூட் இளவரசருக்கும், அவருக்குப் பின் அவருடைய மகன் இங்கோல்ஃபுக்கும் என்று அமைந்திருந்தது. இங்கோல்ஃபும் மார்கரெத்தேயும் 1940இல் இரண்டு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். 1953இல் புதிய அரசியலமைப்பும் அதனுடன் புதிய வாரிசுரிமைச் சட்டமும் வந்தன; மகன் இல்லாதபோது மகள் ஆளலாம் என்று ஆனது. பதின்மூன்று வயது மார்கரெத்தே முதலிடத்துக்கு வந்தார். ஆறு ஆண்டுகள் அடுத்த அரசராகக் கருதப்பட்டுவந்த க்னூட், அண்ணன் மகள்கள் மூவருக்கும் பின்னால் நான்காவது இடத்துக்குப் போனார்.

மாமா (காலை 8:32)
மச்சான், அப்படியானால் காணொளியில் சொன்னதில் தவறென்ன இருக்கிறது? ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவரிடம் "அடுத்தவர் நீங்கள்தான்" என்று ஆறு ஆண்டுகள் சொல்லிவிட்டு, பிறகு "வாரிசு இளவரசர்" என்று ஒரு பட்டத்தைக் கையில் கொடுத்துப் பின்வரிசையில் உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்? பெண்ணுக்கு உரிமை கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. அதை அடுத்த தலைமுறையிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

அத்தை (காலை 8:36)
உங்கள் மாமா இப்படித்தான் எதிலும் தம்பிமார்கள் பக்கமே நிற்பார். அண்ணா, அந்த 1853ஆம் ஆண்டுச் சட்டம் எதற்காகப் பெண்களை விலக்கியது என்பதை முதலில் சொல்லுங்கள். டென்மார்க்கில் முன்பு மார்கரெத்தே என்ற பெயரிலேயே ஒருவர் ஆண்டிருக்கிறாரே?

பெரியப்பா (காலை 9:20)
நீ கேட்டதில்தான் முடிச்சே இருக்கிறது தங்கச்சி. முதலாம் மார்கரெத்தே நான்காம் வால்டெமாரின் மகள். 1387இல் மகன் ஓலுஃப் இறந்தபின், பிரபுக்கள் அவரையே நாட்டின் பொறுப்பாளராக ஏற்றார்கள். டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றையும் இணைத்த 1397ஆம் ஆண்டின் கால்மார் ஒன்றியம் அவர் கைவேலை. அந்தக் காலத்தில் அரியணை, சட்டப்படி, பிறப்பால் மட்டும் வந்துவிடவில்லை. பிரபுக்களின் அவை அரசரைத் தேர்ந்தெடுக்கும். அரசர் தம் அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் உறுதிப்பத்திரம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் மகனையே தேர்ந்தெடுத்தார்கள் என்பது வேறு.

சுவீடனுடன் நடந்த போரில் கோபன்ஹேகன் நகரம் முற்றுகைக்குத் தாக்குப்பிடித்து மீண்டபின், 1660இல் மூன்றாம் ஃபிரெடெரிக் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கி, முடியைப் பரம்பரைச் சொத்தாக்கிக்கொண்டார். 1665இல் எழுதப்பட்ட அரசச் சட்டம் முழு அதிகாரத்தையும் அரசர் கையில் கொடுத்தது. ஆனால் அதே சட்டம், ஆண் வழி முற்றுப்பெற்றால் பெண் வழிக்கு அரியணை செல்லும் முறையை விரிவாக வகுத்தும் வைத்திருந்தது. ஆகவே பெண் விலக்கு டென்மார்க்கின் தொன்மையான மரபு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தம்பி (காலை 9:34)
பெரியப்பா, ஒரு சிறு ஐயம். தரங்கம்பாடி ஒப்பந்தம் நடந்த 1620இல் டென்மார்க்கை ஆண்டவர் நான்காம் கிறிஸ்டியன்; 1706இல் சீகன்பால்கு வந்திறங்கக் காரணமானவர் நான்காம் ஃபிரெடெரிக்; 1845இல் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபோது இருந்தவர் எட்டாம் கிறிஸ்டியன். அவர்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?

பெரியப்பா (காலை 9:50)
1513 முதல் கிறிஸ்டியன், ஃபிரெடெரிக் என்ற இரண்டு பெயர்களே மாறி மாறி வந்தன. 1972இல் மார்கரெத்தே வந்தபோதுதான் அந்த வரிசையில் ஓர் இடைவெளி விழுந்தது. ஆனால் பெயர் ஒழுங்காக வந்ததை வைத்து, ஒவ்வொரு முறையும் தந்தைக்குப் பின் மகன் வந்தான் என்று எண்ணிவிடாதே. இரண்டாம் கிறிஸ்டியனை 1523இல் விரட்டிவிட்டு வந்த முதலாம் ஃபிரெடெரிக் அவருக்குச் சித்தப்பா. 1839இல் ஆறாம் ஃபிரெடெரிக்கின் மகள்களைத் தாண்டி அரியணை பெற்ற எட்டாம் கிறிஸ்டியன் அவருக்குப் பங்காளி முறை. நீ சொன்ன அந்த எட்டாம் கிறிஸ்டியனின் மகன் ஏழாம் ஃபிரெடெரிக் மூன்று முறை மணந்தும் வாரிசில்லாமல் போனதில்தான் நம் கதை தொடங்குகிறது.

1665ஆம் ஆண்டுச் சட்டப்படி, இவருக்குப் பின் அரியணை இவருடைய அத்தை சார்லட் வழிக்குப் போக வேண்டும். ஆனால் டென்மார்க் அரசரே கோமகனாகவும் ஆண்டுவந்த ஹோல்ஸ்டைன் ஜெர்மன் கூட்டமைப்பைச் சேர்ந்தது. அங்கே ஆண் வழி மட்டுமே செல்லும். பெண் வழிக்குச் சென்றால் ஹோல்ஸ்டைன் பிரிந்துவிடும், அதனோடு பக்கத்துக் கோமகப் பகுதியான ஷ்லெஸ்விக்கும் போகக்கூடும் என்று அஞ்சினார்கள். எனவே பெருநாடுகள் லண்டனில் கூடி, 1852 மே 8 அன்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சார்லட்டும் அவர் பிள்ளைகளும் தங்கள் உரிமையைச் சார்லட்டின் மகள் லூயிஸுக்கு முன்னரே விட்டுக்கொடுத்திருந்தார்கள். லூயிஸ் அதைத் தம் கணவரான குளூக்ஸ்பர்க் கிறிஸ்டியனுக்குக் கொடுத்தார். அந்தக் கிறிஸ்டியனுக்கும் அவருடைய ஆண் வழியினருக்கும் மட்டுமே அரியணை என்று 1853ஆம் ஆண்டுச் சட்டம் முடித்துவைத்தது. லூயிஸின் உரிமையை ஏணியாக வைத்து ஏறிவிட்டு, அவர் பெற்ற மகள்களுக்கு அந்த ஏணி கிடையாது என்று எடுத்து வைத்துவிட்டார்கள்.

இவ்வளவும் ஹோல்ஸ்டைனைக் காப்பாற்றுவதற்காக. 1863 நவம்பரில் அந்தக் குளூக்ஸ்பர்க் கிறிஸ்டியனே ஒன்பதாம் கிறிஸ்டியனாக அரியணை ஏறினார். 1864இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போர் தொடுத்து ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பர்க் மூன்றையும் பறித்துக்கொண்டன. எந்தக் காரணத்துக்காகப் பெண்களை விலக்கினார்களோ அந்தக் காரணம் பதினொரே ஆண்டுகளில் மறைந்துவிட்டது. விலக்கு மட்டும் இன்னும் எண்பத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. மாப்பிள்ளை, க்னூட் ஒன்பதாம் கிறிஸ்டியனின் கொள்ளுப்பேரன் என்பதையும் இங்கே கவனியுங்கள். அவருடைய உரிமை நின்றதும் இந்தச் சட்டத்தின்மேல்தான். ஒரு சட்டம் கொடுத்ததை இன்னொரு சட்டம் எடுத்தது.

மாமா (காலை 10:25)
வாதம் அழகாக இருக்கிறது மச்சான், ஆனால் முழுமையாக இல்லை. 1852இல் உரிமை இழந்தவர்கள் தாமே எழுதிக் கொடுத்து விலகியவர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். 1953இல் க்னூட்டின் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டா சட்டத்தை மாற்றினார்கள்?

பெரியப்பா (காலை 10:41)
நல்ல கேள்வி, அந்த வேறுபாட்டை நான் ஒப்புக்கொள்கிறேன். அவருடைய சம்மதம் சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. மக்களின் சம்மதம்தான் தேவைப்பட்டது, அதுவும் எளிதில் கிடைத்துவிடவில்லை.

அன்றைய விதிப்படி, அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால் நாடாளுமன்றம் ஒருமுறை நிறைவேற்ற வேண்டும், தேர்தல் நடத்த வேண்டும், புதிய நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்ற வேண்டும், அதன்பின் பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் பெரும்பான்மை கிடைத்தால் மட்டும் போதாது, நாட்டின் மொத்த வாக்காளர்களில் 45 விழுக்காட்டினர் ஆதரித்திருக்க வேண்டும். நாடாளுமன்றத்தின் மேலவையை ஒழிக்கும் திருத்தம் 1939இல் 44.46 விழுக்காட்டோடு நூலிழையில் தோற்றது. 1953இல் மேலவை ஒழிப்பு, கிரீன்லாந்துக்குச் சம தகுதி, பெண் வாரிசுரிமை எல்லாவற்றையும் ஒரே வாக்கெடுப்பில் கட்டி மக்கள் முன் வைத்தார்கள். மே 28 அன்று வாக்களிக்க வந்தவர்களில் ஏறக்குறைய 79 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் அது 45.76 விழுக்காடுதான். ஜூன் 5 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

மாமா (காலை 10:48)
அப்படியானால், மேலவையை ஒழிக்க விரும்பிய அரசியல்வாதிகள், மக்களுக்குப் பிடித்த மூன்று சிறுமிகளைக் காட்டி வாக்கு வாங்கினார்கள் என்றுதானே பொருள்? இதைப் பெண்ணுரிமை என்று சொல்லி மாலை போடுவானேன்?

அக்கா (காலை 11:05)
மாமா, இளவரசிகள் மீதிருந்த அன்பு அந்தத் திருத்தத்தைக் கரை சேர்க்க உதவியது என்பதை மறுக்க முடியாதுதான். மேலும், 1953 பெண்களுக்குச் சம உரிமை கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பி பிறந்தால் அக்கா பின்னுக்குப் போக வேண்டும் என்பதே அப்போதைய ஏற்பாடு. பக்கத்து நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று கிடைக்கும். சுவீடனில் 1979 மே மாதம் கார்ல் ஃபிலிப் பட்டத்து இளவரசராகவே பிறந்தார். 1980 ஜனவரி 1 முதல் மூத்த பிள்ளைக்கே உரிமை என்று சட்டம் மாறியதால், ஏழு மாதக் குழந்தையாக இருந்த அவரிடமிருந்து அந்த இடம் அக்கா விக்டோரியாவுக்குப் போனது. அவர்களுடைய தந்தையாகிய அரசரே அதை விரும்பவில்லை. நார்வே 1990இல் இதே மாற்றத்தைச் செய்தபோது, அதற்குமுன் பிறந்தவர்களைத் தொடவில்லை. 1973இல் பிறந்த ஹாகோன், 1971இல் பிறந்த அக்கா மார்த்தா லூயிஸுக்கு முன்னாலேயே நிற்கிறார்.

மாமா (காலை 11:12)
நார்வேக்காரர்கள் செய்ததைத்தான் நான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் கையிலும் இருப்பதைப் பிடுங்காமல், இனி வருபவர்களுக்கு விதியை மாற்றினார்கள்.

அத்தை (காலை 11:20)
பிடுங்கவில்லை என்று சொல்வது ஹாகோன் பக்கத்தில் நின்று பார்த்தால். மார்த்தா லூயிஸ் பக்கத்தில் நின்று பாருங்கள்: மூத்தவளாகப் பிறந்தும், விதி தவறு என்று நாடே ஒப்புக்கொண்டபின்னும், அவருக்கு மட்டும் பழைய விதியே பொருந்தும் என்றால் அது எப்படி நியாயமாகும்? யாராவது ஒருவர் இழக்கத்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே தலைமுறை தலைமுறையாக ஆதாயம் பெற்றவர் இழக்கட்டும்.

பெரியப்பா (காலை 11:44)
டென்மார்க் தன் அடுத்த மாற்றத்தை யாருக்கும் இழப்பு நேராத நேரம் பார்த்துச் செய்தது. 2009 ஜூன் 7 அன்று, ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே உரிமை என்ற திருத்தத்தை ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து மக்கள் முன் வைத்தார்கள். வாக்களித்தவர்களில் 85 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஏற்றார்கள். அப்போது மார்கரெத்தேயின் மகன் ஃபிரெடெரிக்குக்கு மூத்தவன் கிறிஸ்டியன், இளையவள் இசபெல்லா, ஆகவே வரிசையில் ஒருவரும் நகரவில்லை. 2011 ஜனவரியில் இரட்டைக் குழந்தைகளாக வின்சென்டும் ஜோசஃபைனும் பிறந்தபோதுதான் அந்தச் சட்டம் முதல்முறையாகப் பயன்பட்டது. பழைய சட்டம் இருந்திருந்தால் வின்சென்ட் பிறந்த நொடியிலேயே இசபெல்லா ஒரு படி இறங்கியிருப்பாள்.

தம்பி (பகல் 12:02)
1953இல் எதுவுமே மாறாமல் இருந்திருந்தால் இப்போது யார் அரசராக இருப்பார்?

பெரியப்பா (பகல் 12:20)
1972 ஜனவரி 14 அன்று ஒன்பதாம் ஃபிரெடெரிக் இறந்தபோது, எழுபத்தொரு வயது க்னூட் அரசராகியிருப்பார்; 1976 ஜூன் மாதம் அவரும் காலமாகிவிட்டார். அடுத்தது இங்கோல்ஃப். ஆனால் அவர் 1968இல், சட்டம் கோரும் அரச ஒப்புதல் இல்லாமல் திருமணம் செய்துகொண்டு, வாரிசுரிமையையும் இளவரசர் பட்டத்தையும் இழந்து ரோசன்போர்க் பிரபு ஆனார்; 1971இல் அவருடைய தம்பி கிறிஸ்டியனும் அதே வழியில் சென்றார்.

மாமா (பகல் 12:26)
அரியணை எதிரில் காத்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் அவர்கள் அப்படி மணந்திருப்பார்களா மச்சான்? அடுத்த அரசராகப் போகிறவர் கேட்டிருந்தால், ஒப்புதல் தராமல்தான் இருந்திருப்பார்களா? இந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

பெரியப்பா (பகல் 12:31)
அது சரிதான் மாப்பிள்ளை. 1968இலும் 1971இலும் அவர்கள் முன்னால் அரியணை இல்லை. இருந்திருந்தால் இருவரும் வேறு வகையாக முடிவெடுத்திருக்கலாம். ஆனாலும் என் பக்கம் மாறவில்லை. 1864இலேயே காரணம் செத்துப்போன ஒரு விலக்கை இன்னும் ஒரு தலைமுறைக்கு க்னூட்டுக்காக நீட்டியிருக்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.