கல்லணை மாடல்: தெர்மாகோல் செதுக்க ஐந்நூறு ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?

வெண்ணாற்றங்கரை:
பள்ளிக் கண்காட்சிக்குக் கல்லணை மாடல். அணை வளைந்து போகிறது, ஆறு, கரை, பக்கத்து வயல் எல்லாம் தெரியணும். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மாகோல் அட்டை ரெண்டு இருக்கு, 25 மி.மீ. கனம். பேப்பர் கட்டர் போட்டா ஓரமெல்லாம் மணி மணியா உதிருது. ஹாட் வயர் கட்டர் (சூடான கம்பியால அறுக்கறது) வாங்கினா சரியாகுமா? உளி, அரம் ஏதாவது வேணுமா அண்ணே?

மதகடி:
ஹாட் வயர் இருக்கட்டும் தம்பி, முதல்ல பிளேடைப் பாருங்க. தெர்மாகோல்ங்கறது மணிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டின பலகை. கூரான பிளேடு மணியையே அறுத்துக்கிட்டுப் போகும். மழுங்கினது மணியைப் பிடுங்கிப் போட்டுடும்.

18 மி.மீ. அகல பிளேடு போட்ட கட்டர் ஒண்ணு வாங்குங்க. பிளாஸ்டிக் உடம்புல பிளேடு ஆடும், அதனால திருகு வச்சு இறுக்குற உலோக உடம்பா இருக்கணும். மாற்று பிளேடு ஒரு பாக்கெட், வளைவுக்கு 9 மி.மீ. கட்டர் ஒண்ணு. மிச்சக் காசை வேற கருவியில போடாதீங்க, பிளேடுலயே போடுங்க. அறுக்கும்போது கிறீச்சுனு சத்தம் கேட்டா பிளேடு முனையில மழுங்கின ஒரு துண்டை ஒடிச்சுடுங்க.

செங்குத்தா அழுத்தாதீங்க. பிளேடைச் சாய்ச்சு, நீளமா இழுக்கணும். 25 மி.மீ. அட்டையை மூணு இழுப்புல அறுங்க. ஒரே இழுப்புக்காகப் பிளேடை முழுசா வெளியே நீட்டினா அது வளையும், மேல நேராவும் அடியில கோணலாவும் வரும். நெட்டித் தக்கையில பொம்மை செதுக்கற தஞ்சாவூர் நெட்டி வேலையிலயும் சூட்சுமம் இதுதான், கத்தியைச் சீவ விடறது.

உளி வேண்டாம், வெட்டறதுக்கு முன்னாடி நசுக்கிடும். நைஸ் அரத்துல பல்லு அடைச்சுக்கும். உடைஞ்ச ஆக்ஸா பிளேடுல ஒரு முனைக்குத் துணி சுத்திக்கிட்டா பெரிய துண்டு கழிக்கவும், அணை மேல கல் வரி கீறவும் அதுவே போதும்.

படுகை:
வாங்கறதுக்கு முன்னாடி அளவு போட்டுக்குங்க. பழைய அணை 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம். நானூறுல ஒரு பங்குன்னா நீளம் 82 செ.மீ., அகலம் 5 செ.மீ. உங்க அட்டையில அடங்கிடும். ஆனா உயரம் 1.35 செ.மீ.தான், நாலடி தள்ளி நின்னா வரப்பு மாதிரி இருக்கும். உயரத்தை மட்டும் மூணு மடங்காக்கி 4 செ.மீ. வைங்க. ரெண்டு அட்டை ஒட்டினா 5 செ.மீ., அடியில 1 செ.மீ. ஆத்துப் படுகைக்கு மிஞ்சும். உயரத்தைக் கூட்டியிருக்குன்னு பலகையில எழுதிடுங்க, பார்க்க வர்றவங்க கேப்பாங்க.

படுகைப் பள்ளத்தைக் கட்டரால குடைஞ்சா படிப்படியா நிக்கும். முக்கால் இன்ச் பிவிசி பைப் ஒரு சாண் எடுத்து, 80 நம்பர் உப்புத்தாளைச் சுத்தி ஒட்டி, ஆறு ஓடற திசையிலயே தேய்ங்க. கரைச் சரிவுக்கு அதே தாளை மரக்கட்டையில ஒட்டிக்கணும். விரலால பிடிச்சுத் தேய்ச்சா குழி விழும். கடைசியா 150 நம்பர்.

வெண்ணாற்றங்கரை:
அப்போ ரெண்டு அட்டையையும் ஒட்டிட்டு வெட்டவா, வெட்டிட்டு ஒட்டவா? பெவிகால் இருக்கு.

மதகடி:
வெட்டிட்டு ஒட்டுங்க. காய்ஞ்ச பெவிகால் படலம் பிளேடைப் பிடிச்சு இழுக்கும், சரியா அந்த இடத்துலதான் பிய்யும். ஒட்டும்போதும் செதுக்கப் போற ஓரத்துலேர்ந்து 2 செ.மீ. உள்ளே தள்ளித் தடவுங்க. ரெண்டு தெர்மாகோலுக்கு நடுவுல காத்துப் போகாது, அதனால மெல்லிசா பூசி, ஈர்க்குச்சி குத்தி, புத்தகம் அடுக்கி ஒரு ராத்திரி விடுங்க. அவசரத்துக்குச் சொட்டு பசை (ஃபெவிக்விக் மாதிரி), ரப்பர் பசை, ஸ்ப்ரே பெயிண்ட் எதுவும் நேரா படக்கூடாது. தெர்மாகோல் கரைஞ்சு ஓட்டையாயிடும்.

கம்பிவேலை:
அணையோட வளைவு முழுக்க ஒரே வழவழப்பா வேணும்னா மட்டும் ஹாட் வயர். கட்டரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், நீங்களே செஞ்சுக்கலாம். கரண்டு போனா சூடாகற நிக்ரோம் கம்பி, 0.3 மி.மீ. கனத்துல 30 செ.மீ. எடுத்தா, சுமார் நாலரை ஓம் இருக்கும். 6 வோல்ட்டுல 1.3 ஆம்பியர் இழுக்கும், அந்தச் சூடு போதும். 12 வோல்ட் கொடுத்தா சூடு எகிறிடும், வெட்டு அகலமாகி ஓரம் உருகும். வீட்டுக் கரண்டுல நேரா மாட்டவே கூடாது.

கம்பி சூடானா நீளும், ஒரு முனையில ஸ்பிரிங் போடுங்க. வளைவுல கை நின்னா அங்கே குழி விழுந்துடும். வளைவு வடிவத்துல வெட்டின காகித அட்டையைத் தெர்மாகோல் மேல ஒட்டிக்கிட்டு, அதன் ஓரமாவே ஓட்டினா கை நிக்காது. புகை உடம்புக்கு ஆகாது, திண்ணையில வச்சு வெட்டுங்க.

படுகை:
தேய்க்கறப்போ ஃபேனை நிறுத்திடுங்க. தூள் கையிலயும் சட்டையிலயும் ஒட்டிக்கும், ஊதினா போகாது. ஈரத்துணியால ஒத்தி எடுத்த பிறகு பெயிண்ட் அடிங்க. தூள் மேலேயே அடிச்சா உரிஞ்சு வந்துடும்.