கலைச்சொல் தேவை: பாம்பின் சட்டை முழுதாகக் கழலாத நிலை

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் ‘பால் பைத்தான்’ (ball python) என்ற மலைப்பாம்பு வளர்ப்பவர்களுக்கான 8 பக்கக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டிஸெக்டைசிஸ்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். சட்டை ஒரே உறையாகக் கழலாமல் துண்டு துண்டாகப் பாம்பின் உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும் நிலை இது. பெரும்பாலும் காற்றில் ஈரம் போதாமல் வருவது. உண்ணித் தொல்லையாலும் பழைய காயத்தாலும்கூட வரும். ‘குறைத்தோலுரிப்பு’ என்று எழுதிவைத்தேன்; வாயில் நுழையவில்லை.
வே.

---

வே. அம்மா,

‘தோல்’ வேண்டாம். தோலை உரிப்பது வாத்தியார் மிரட்டல். பாம்பு கழற்றுவது சட்டை. கிரேக்க ‘எக்டைசிஸ்’ஸுக்கும் உடை களைதல் என்ற பொருள் உண்டு. வடமொழிக் கஞ்சுகமும் மேற்சட்டை, பாம்புச்சட்டை இரண்டையும் குறிக்கும். நம்மிடம் இன்னும் பழைய சொல் இருக்கிறது: உரி. பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுத்த துணி ‘அரவுரி அன்ன அறுவை’, பாம்புச்சட்டை போன்ற ஆடை. இழை போன வழியில் பார்வை நுழைய முடியாத நுண்மை. ஆகவே ‘எஞ்சுரி’. முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. உரிமை என்ற சொல்லும் இந்த உரியில் பிறந்ததே, தோல்போல் நம்மோடு ஒட்டியிருப்பதே உரிமை என்பது என் நெடுநாள் கருத்து.
இரா.

---

இரா. ஐயா, உரிமையைத் தோலோடு ஒட்டுவதற்குச் சான்று வேண்டும். அரை நாழிக்கும் உரி என்றுதான் பெயர். அதையும் தோலிலிருந்து வருவிப்பீர்களா? சரி, அது இருக்கட்டும். எஞ்சுரி அழகான சொல். ஆனால் இந்தக் கையேட்டை ஒருவர் ராத்திரி 10 மணிக்குப் பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு புரட்டுவார். ‘கழலாச்சட்டை’ என்றால் அந்த நேரத்திலும் புரியும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணமும் கெடவில்லை.
செ.

---

நான் தமிழ் படித்தவள் இல்லை, பாம்பு வளர்ப்பவள். ‘உரிப்பு’ என்று முடியும் எந்தச் சொல்லும் வேண்டாம். உரிதல் பாம்புக்குத் தானாக நடப்பது. உரித்தல் என்று படித்தால் நம் கை முந்திக்கொள்ளும். போன கோடையில் ஏ.சி. அறையில் இருந்த எங்கள் பாம்பின் வால்நுனியில் வெங்காயச் சருகு மாதிரி 3 வளையங்கள் நின்றுவிட்டன. விட்டால் இறுகி, ரத்த ஓட்டம் நின்று, நுனி அழுகிவிடும் என்ற பயத்தில் இழுத்தேன். அடியிலிருந்த புதுத்தோலும் சேர்ந்து கிழிந்தது. அப்புறம்தான் முறை தெரிந்தது. துளை போட்ட டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர், பாம்பின் பாதி உயரத்துக்கு மேல் போகாமல், 20 நிமிடம். பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு ஈரத்துண்டுக்குள் விட்டால் அதுவே நெளிந்து நெளிந்து கழற்றிவிடும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு வர வேண்டும். வராவிட்டால் இடுக்கியால் தொடவே கூடாது, கண்ணே போகும். மருத்துவரிடம்தான் போக வேண்டும். ‘கழலாமை’ என்று வையுங்களேன்.
மீ.

---

உரிதல், உரித்தல் வேறுபாட்டை மீ. அவர்கள் சொன்ன கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர்வனக் கையேட்டில் ‘கழலாமை’ என்றால் அது ஏதோ ஓர் ஆமை என்றே படிப்பார்கள். எஞ்சுரி யாரையும் இழுக்கச் சொல்லவில்லையே. உடம்பில் மிச்சம் நிற்பதை மட்டும்தானே சொல்கிறது?
இரா.

---

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘கழலாச்சட்டை’க்கே ஆதரவு அதிகம். அதையே போடுகிறேன். நிலைக்குப் பெயர் தேடிப்போய் பொருளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம் என்ற குறை எனக்கு உண்டு. ஆனால் நாளை மெய்ப்பு போக வேண்டும். ‘இழுக்காதீர்கள்’ என்ற வரியைத் தலைப்புக்கு நேர் கீழே தடித்த எழுத்தில் மாற்றிவிட்டேன். கழற்றுவதற்குச் சில நாள் முன்பு கண் பால்போல் மங்கி நீலம் பாய்வதற்கு ‘நீலக்கண்’ என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.
வே.

---

நீலக்கண் நன்று. கழலாச்சட்டைக்கு என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். மறுபதிப்பு வந்தால் எஞ்சுரியை மறுபடி எடுத்துக்கொண்டு வருவேன்.
இரா.