ஓவர்ஸ்பீட் ட்ரிப்: முதல் தடவை 5180, அடுத்த இரண்டு தடவை சரி. எதை நம்புவது?

நிபோங் தெபால் ஷிப்ட் (கேள்வி)

வணக்கம் அண்ணன்மாரே. செம்பனை ஆலை ஸ்டீம் டர்பைன் ஒன்றின் ஓவர்ஸ்பீட் ட்ரிப்பில், அதாவது வேகம் எல்லை மீறினால் ஸ்டீமைத் தானாக நிறுத்தும் அமைப்பில், சந்தேகம். ஒற்றை ஸ்டேஜ், பேக் பிரஷர், 1.2 மெகாவாட். உள்ளே 20 பார், எக்ஸாஸ்ட் 3 பார், அது நேராக, பழக்குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசர் லைனுக்குப் போகிறது. டர்பைன் 4500 ஆர்பிஎம், கியர்பாக்ஸ் 3-க்கு 1, ஜெனரேட்டர் 1500. ட்ரிப் பழைய வகை: ஷாஃப்டுக்குள் குறுக்கே ஒரு போல்ட், அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங், வெளியே லிவர், லாட்ச், ட்ரிப் வால்வு. வேகம் ஏறினால் போல்ட் வெளியே வந்து லிவரைத் தட்டும், வால்வு மூடும். செட்டிங் 110 சதம், அதாவது 4950.

11 மாத ஓட்டத்துக்குப் பிறகு, ஷட்டவுனுக்கு முன்னால் டெஸ்ட் எடுத்தோம். ஜெனரேட்டர் பிரேக்கர் திறந்த நிலை. மூன்று ரீடிங்: 5180, 4970, 4945.

பின்னிரண்டும் ஒன்றுக்கொன்று அரை சதத்துக்குள் இருக்கின்றன, முதலாவது எந்திரம் சரியாகச் சூடேறாததால் வந்தது, விட்டுவிடலாம் என்கிறார்கள் இங்கே. இன்னும் இரண்டு விஷயம். லிவர் "டக்" என்று விழுந்த பிறகும் வால்வு மூடுவதில் கண்ணுக்கே தெரிகிற தாமதம். மூடிய பிறகும் ரோட்டர் 300 ஆர்பிஎம்மில் சுற்றிக்கொண்டே இருந்தது, மெயின் ஸ்டாப் வால்வை மூடியதும்தான் நின்றது.

ஸ்பிரிங் நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் முதல் ரீடிங்கும் 4950-க்கு வந்துவிடுமா?

பிறை ஃபிட்டர்

தம்பி, நட்டில் கை வைக்காதீர்கள். உங்கள் மூன்று ரீடிங்கில் உண்மை சொல்வது முதலாவது மட்டும்தான். பின்னிரண்டும் போல்ட் ஒருமுறை வெளியே வந்து, ஒட்டிக்கொண்டிருந்தது உடைந்த பிறகு கிடைத்தவை. நாளைக்கு முழு லோடில் பிரேக்கர் விழும்போது போல்ட் பல மாதம் அசையாமல் கிடந்திருக்கும். அன்றைக்கு வரப்போவது 5180 அல்லது அதற்கும் மேல். 4945 அல்ல.

கணக்கு போட்டுப் பாருங்கள். போல்ட்டை வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 5180-ஐ 4950-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.095. அதாவது ஸ்பிரிங் விசைக்கு மேல் இன்னொரு 9.5 சதம் அளவுக்கு உராய்வு போல்ட்டைப் பிடித்து வைத்திருந்தது. இது செட்டிங் பிழை அல்ல, அழுக்கு. செட்டிங் தவறாக இருந்தால் மூன்று ரீடிங்கும் ஒன்றாகத் தள்ளி நிற்கும்.

நட்டைத் தளர்த்தினால் என்ன ஆகும்? 1 சதம் வேகத்துக்கு 2 சதம் ஸ்பிரிங் விசை என்பது மனத்தில் வைக்க வேண்டிய விகிதம். அந்த 9.5 சதத்தை ஈடுகட்டத் தளர்த்தினால், போல்ட் சுத்தமான அடுத்த நாளே ட்ரிப் 4720 பக்கம் வந்துவிடும். ஸ்டெரிலைசர் திறக்கும்போது லோடு ஆடும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கொஞ்சம் தாண்டும், டர்பைன் காரணமில்லாமல் விழும். பிறகு யாராவது எரிச்சலில் நட்டை மறுபடி இறுக்குவார்கள். அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சூடேறாதது காரணம் என்பதையும் ஒதுக்கிவிடலாம். எண்ணெய் 40 டிகிரிக்கு மேல் இருந்ததா? இருந்தால் 230 ஆர்பிஎம் வித்தியாசத்தை வெப்பத்தின் தலையில் கட்ட முடியாது.

ஒரு கேள்வி. 4950-இல் விழ வேண்டியதை 5180 வரை ஏன் விட்டீர்கள்? 115 சதம் அது. ரோட்டரின் மேல் வரும் அழுத்தம் ரேட்டட் வேகத்தில் இருப்பதைவிட 32 சதம் கூடுதல். கையால் ட்ரிப் அடிக்க ஆள் நிறுத்தவில்லையா?

நிபோங் தெபால் ஷிப்ட்

ஆள் இருந்தார் அண்ணே. எந்த வேகத்தில் அடிக்க வேண்டும் என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் தப்புதான். எண்ணெய் 46 டிகிரி.

பிறை ஃபிட்டர்

அப்படியானால் போல்ட்டைக் கழற்றுங்கள். வரிசை முக்கியம்.

கழற்றும் முன் நட்டின் முகம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று டெப்த் கேஜில் அளந்து எழுதுங்கள். நட்டுக்கும் உடம்புக்கும் சேர்த்து ஒரு பஞ்ச் குறி. கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள், கால் சுற்றுவரை. இந்த மூன்றும் இல்லாமல் கழற்றியவர் பிறகு இருட்டில் செட்டிங் தேட வேண்டிவரும்.

போல்ட்டிலும் துளையிலும் பழுப்பு நிறப் பிசின் இருந்தால் அது எண்ணெய் வார்னிஷ். துருவின் மெல்லிய வளையம் இருந்தால் எண்ணெயில் தண்ணீர். சால்வென்டில் ஊறவைத்து நைலான் பேடால் தேயுங்கள். எமரி தாள் வேண்டாம். துளை பெரிதானால் போல்ட் சாய்ந்து மாட்டும், பழைய வியாதி புது உருவில் வரும். காய்ந்ததும் டர்பைன் எண்ணெய் விரலால் ஒரு பூச்சு, அவ்வளவுதான். கிரீஸ் போட்டால் சூட்டில் கரியாகி இதைவிட மோசமாக ஒட்டும்.

ஸ்பிரிங் இல்லாமல் போல்ட்டைத் துளையில் நிறுத்திப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். தட்டினால்தான் இறங்குகிறது என்றால் இன்னும் வேலை முடியவில்லை.

பிறகு லிவருக்கும் போல்ட் தலைக்கும் உள்ள இடைவெளி. பல சிறிய டர்பைன்களில் 1.5 மி.மீ. அளவில் வைப்பார்கள். உங்கள் மானுவல் சொல்வதே சட்டம். இடைவெளி கூடினால் போல்ட் வெளியே வந்தும் லிவரைச் சரியாக அடிக்காது, குறைந்தால் அதிர்விலேயே தட்டிவிடும். த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் முன்பின்னாக நகர்ந்து, போல்ட் லிவரின் ஓரத்தைத்தான் தொடும். எண்ட் ப்ளேயையும் டயல் வைத்து அளந்துவிடுங்கள்.

டர்பைன் பைத்தியம்

போல்ட்டைத் துடைத்துவிட்டுக் காரணத்தை விட்டால் அடுத்த ஆண்டும் இதே கேள்வி வரும். எண்ணெயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

அடுப்பில் ஒரு தட்டை 150 டிகிரி வாக்கில் சூடாக்கி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தாளிப்புபோலப் பொரிந்தால் தண்ணீர் உண்டு. பொரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமல்ல, கொஞ்சமாக இருந்தால் சத்தம் வராது. லேபுக்கும் அனுப்புங்கள். ரிசர்வாயர் அடி வடிகாலைத் திறந்து முதல் அரை லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள்.

இந்த வகை டர்பைனில் தண்ணீர் வரும் வழி பெரும்பாலும் கிளாண்ட், அதாவது ஷாஃப்ட் கேசிங்கைவிட்டு வெளியே வரும் இடத்துச் சீல். கார்பன் ரிங் தேய்ந்தால் ஸ்டீம் ஷாஃப்ட் வழியாக நேரே பேரிங் ஹவுசிங்கை நோக்கி ஊதும். அதற்கு முன், கசியும் ஸ்டீமை வெளியே விடும் கிளாண்ட் லீக்-ஆஃப் குழாயைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் நல்ல கார்பன் ரிங்கிலும் ஸ்டீமுக்கு வேறு வழியில்லை. ஓட்டத்தின்போது அந்தக் குழாய் வாயில் ஸ்டீமே வராவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். அடைத்திருக்கும்.

இப்போது வால்வு. போல்ட்டைவிட என்னைப் பயமுறுத்துவது அதுதான். பிரேக்கர் விழுந்ததும் லோடு போய்விடும், ஸ்டீம் மட்டும் முழுதாக வந்துகொண்டிருக்கும். உங்கள் ரோட்டர், கியர், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்த காலமாறிலி (முழு லோடு விசையில் நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு ஏற ஆகும் நேரம்) 5 நொடி என்று வைத்துக்கொண்டால், முழு லோடில் நொடிக்கு 20 சதம் வேகம் ஏறும். கவர்னர் வேலை செய்யாவிட்டால் அரை நொடியில் 110 சதம். அதற்குப் பிறகு வால்வு மூட இன்னொரு அரை நொடி எடுத்தால் 120. கண்ணுக்குத் தெரிகிற தாமதம் என்று நீங்கள் எழுதியது இந்த அரை நொடியைத்தான்.

ஸ்டாப்வாட்சில் இதை அளக்க முடியாது. போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் போதும். லிவரும் வால்வு ஸ்டெம்மும் ஒரே படத்தில் தெரியும்படி வைத்து, எந்திரம் நிற்கும்போது, ஸ்டீம் இல்லாமல் ஒருமுறை, ஓட்டத்தில் ஒருமுறை ட்ரிப் அடியுங்கள். படங்களை எண்ணினால் நேரம் வந்துவிடும். குளிரில் வேகமாகவும் சூட்டில் மெதுவாகவும் இருந்தால் ஸ்டெம்முக்கும் புஷ்ஷுக்கும் இடையே படிவு அல்லது ஸ்டெம் வளைவு.

நிபோங் தெபால் ஷிப்ட்

படிவு எப்படி அண்ணே வரும்? பாய்லர் தண்ணீர் தினமும் பார்க்கிறோம்.

டர்பைன் பைத்தியம்

ஸ்டெரிலைசரைத் திறக்கும் நேரத்தில் டிரம் லெவல் கண்ணாடியைப் பாருங்கள். திடீரென்று ஸ்டீம் இழுக்கும்போது பிரஷர் விழும், தண்ணீர் பொங்கி லெவல் எகிறும், உப்போடு தண்ணீர் ஸ்டீம் லைனில் ஏறும். இரண்டு ஸ்டெரிலைசரை அடுத்தடுத்து திறந்தால் இன்னும் மோசம். காலையில் எடுத்த டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) ரீடிங் சரியாக இருக்கும், கேரிஓவர் மாலையில் நடக்கும். ஸ்டெம்மில் இருக்கும் வெள்ளைப் படிவு வெந்நீரில் கரைந்தால் பாய்லர் உப்பு. கரையாமல் கண்ணாடிபோல ஒட்டியிருந்தால் சிலிக்கா, அது வேறு தலைவலி.

ஸ்டெம்மை வி-பிளாக்கில் வைத்து டயலில் ரன்-அவுட் (வளைவு) பாருங்கள். 300 ஆர்பிஎம்முக்குக் காரணம் சீட், வால்வு உட்கார்ந்து அடைக்கும் இடம். மார்க்கிங் புளூ தடவி ஒட்டிப் பாருங்கள். வளையம் எங்கேயும் அறுபடாமல் சுற்றி வர வேண்டும். வால்வுக்குள் சிறிய பைலட் வால்வு இருந்தால் அதன் சீட்டையும் மறக்காதீர்கள், பெரியதை லாப் செய்துவிட்டு (தேய்த்துப் பொருத்திவிட்டு)ச் சின்னதை விட்டுவிடுவது வழக்கமான தவறு. புக்கிட் மெர்தாஜாம் பட்டறைகளில் லாப்பிங் ஒரு நாள் வேலை.

300-இல் சுற்றுவது அழகுக் குறைவு மட்டுமல்ல. மெயின் எண்ணெய் பம்ப் ஷாஃப்டில் இருந்தால் அந்த வேகத்தில் பிரஷர் வராது, ஆக்ஸிலரி பம்ப் ஓடாவிட்டால் பேரிங் தேயும்.

இன்னொன்று. லிவர், பின், லாட்ச் எல்லாவற்றிலும் பெயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் முந்தின நாள் வெள்ளி பெயிண்ட் அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். லாட்ச் முனையில் ஒரு பூச்சு போதும், ஒட்டிக்கொள்ள.

கிள்ளான் இன்ஸ்ட்ருமென்ட்

இவ்வளவு பாடு எதற்கு? எலக்ட்ரானிக் ட்ரிப் போட்டுவிடலாமே. 60 பல் சக்கரம், மூன்று மேக்னடிக் பிக்கப் (பல் கடப்பதை எண்ணும் சென்சார்), மூன்றில் இரண்டு சொன்னால் ட்ரிப். 60 பல் என்பதால் ஹெர்ட்ஸே ஆர்பிஎம். 4950 ஹெர்ட்ஸில் விழும், ஒட்டிக்கொள்ள எதுவுமில்லை. ஓட்டத்திலேயே ஒவ்வொரு சேனலாக டெஸ்ட் செய்யலாம், டர்பைனை 110 சதத்துக்கு ஏற்றவே தேவையில்லை.

டர்பைன் பைத்தியம்

போடட்டும், நல்லதுதான். ஆனால் அந்த மூன்று பிக்கப்பும் கடைசியில் ஒரே வால்வைத்தான் மூடச் சொல்லும். 1991 நவம்பர் 9 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சேலம் அணுமின் நிலையத்தின் இரண்டாம் யூனிட்டில் 1800 ஆர்பிஎம் டர்பைன் 2900 அளவுக்குப் போய் உடைந்தது. வேகத்தைத் தடுக்க வேண்டிய சோலினாய்டு வால்வுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மின்சாரம் சொன்னதை இரும்பு கேட்கவில்லை.

போடுவதானால் மூன்று நிபந்தனை. பிக்கப்புகள் கவர்னருடையவையாக இருக்கக் கூடாது, தனியாக வேண்டும். சோலினாய்டு மின்சாரம் போனால் ட்ரிப் ஆகும் வகையாக இருக்க வேண்டும். சக்கரம் டர்பைன் ஷாஃப்டில் இருக்க வேண்டும், ஜெனரேட்டர் பக்கம் அல்ல. கப்ளிங் உடைந்தால் ஜெனரேட்டர் வேகம் விழும், கவர்னர் "வேகம் குறைகிறது" என்று இன்னும் ஸ்டீம் திறக்கும், அந்தப் பக்கம் டர்பைன் பறக்கும்.

இதே கதைதான் பழைய கார்லிஸ் வகை நீராவி எஞ்சினில் கவர்னர் பெல்ட் அறுந்தால். கவர்னர் உருண்டைகள் கீழே விழுந்ததும் எஞ்சின் வேகம் குறைந்ததாக நினைத்து ஸ்டீமை முழுதாகத் திறந்துவிடும் என்பதால், அடிமட்டத்தில் சேஃப்டி கேம் வைத்தார்கள். அங்கே வந்தால் வால்வு கொக்கி மாட்டாது, ஸ்டீம் நிற்கும். ஆனால் ஸ்டார்ட் செய்யும்போது கவர்னரைத் தாங்கி நிறுத்த ஒரு பின் உண்டு. ஸ்டார்ட் ஆன பிறகு அந்தப் பின்னை எடுக்க மறந்தால் சேஃப்டி கேம் இருந்தும் இல்லாத மாதிரி.

பழைய சார்ஜ்மேன்

மறு டெஸ்டுக்கு என் பக்கத்திலிருந்து. பிரேக்கரைத் திறந்தால் போதாது, ரேக் அவுட் செய்து (கூட்டிலிருந்து வெளியே இழுத்து) பூட்டுங்கள். ஏவிஆர் (வோல்டேஜ் ரெகுலேட்டர்) ஆஃப், எக்ஸைட்டேஷன் இல்லாமல் ஓட்டுங்கள். 4950 என்றால் ஜெனரேட்டர் பக்கம் 1650. ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரப்படி ஜெனரேட்டர் 1.2 மடங்கு வேகத்தைத் தாங்க வேண்டும், அதனால் கவலையில்லை, ஆனால் பழைய ரீவைண்ட் செய்த ரோட்டர் என்றால் கப்ளிங்கைக் கழற்றிவிடுங்கள்.

முதலில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கிறதா. அதை மூடிவைத்து இன்லெட் திறந்தால் கேசிங்குக்கு 20 பார். விசில் அடிக்கும் சென்டினல் வால்வு எச்சரிக்கை மணி மட்டுமே, அது பிரஷரை இறக்காது.

பிறகு குறைந்த வேகத்தில் கையால் ஒரு ட்ரிப், வால்வு மூடுகிறதா என்று. இரண்டு தனித்தனி டேக்கோமீட்டர், ஒன்று கையில் பிடிக்கும் ஆப்டிகல். மேல் எல்லை 5050 என்று பலகையில் எழுதி ஒட்டுங்கள். கை ட்ரிப்பில் நிற்பவர் அந்த எண்ணைப் பார்த்ததும் யாரையும் கேட்காமல் அடிக்க வேண்டும். ஸ்டாப் வால்வை நெரித்து, கவர்னரை மீறி மெதுவாக ஏற்றுங்கள். கப்ளிங்குக்கும் சக்கரத்துக்கும் பக்கவாட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது.

நிபோங் தெபால் ஷிப்ட்

நன்றி அண்ணன்மாரே. கழற்றிப் பார்த்தோம். போல்ட்டின் கீழ்ப்பாதியில் பழுப்பு வார்னிஷ், கழுத்தில் துரு வளையம். எண்ணெய் பொரிந்தது. லீக்-ஆஃப் குழாய் முழங்கையில் அடைப்பு. ஸ்டெம்மில் வெள்ளைப் படிவு, வெந்நீரில் கரைந்தது. பைலட் சீட்டில் புளூ இரண்டு இடத்தில் அறுபட்டிருந்தது.

நட்டை அதே குறியில் வைத்து மறு டெஸ்ட்: 4960, 4945, 4950. வால்வு 240-இல் 62 படம், கால் நொடி. ட்ரிப்புக்குப் பிறகு ரோட்டர் முழுதாக நின்றது. அடுத்த டெஸ்ட் எப்போது வைக்கலாம்?

பிறை ஃபிட்டர்

11 மாதம் காத்திருக்க வேண்டாம், 3 மாதத்தில் ஒன்று. அதிலும் ஓட்டத்திலிருந்து நேராக, எதையும் தொடாமல், தட்டாமல், எண்ணெய் விடாமல். முதல் ரீடிங்கைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள், சராசரியில் கலக்காதீர்கள். அது 5000-க்குக் கீழே வந்தால் 6 மாதத்துக்கு நீட்டலாம். ட்ரிப் வால்வுக்குக் கைச்சக்கரம் இருந்தால் வாரம் ஒருமுறை ஓட்டத்திலேயே இரண்டு சுற்று மூடித் திறங்கள், ஸ்டெம் அசைந்த தடம் தெரியும்.

எண்ணெய் மாற்றியாயிற்றா, இல்லை பழையதையே வடிகட்டி ஊற்றினீர்களா?

நிபோங் தெபால் ஷிப்ட்

மாற்றியாயிற்று. ரிசர்வாயர் அடியைத் துணியால் துடைத்தோம்.

பிறை ஃபிட்டர்

நூல் விடாத துணிதானே?